பல் செலவு: எது இப்போதே, எது மெதுவாக, எது தேவையே இல்லை?

பல் வைத்தியச் செலவு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருந்தன. கிளினிக்கில் ஒரு தொகை சொன்னார்கள், பயந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டேன், இப்போதைக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. அதனால் சில கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

டாக்டர், நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன், மாதம் 16,000 ரூபாய் சம்பளம். பல் வலி என்று போனேன். மூன்று பல்லுக்கு ரூட் கேனால் 15,000, மூன்று ஜிர்கோனியா கேப் 27,000, ஏற்கெனவே எடுத்த ஒரு கடைவாய்ப்பல்லுக்கு இம்ப்ளான்ட் 28,000, கிளீனிங் 2,000, மொத்தம் 72,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். வட்டிக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகி, திருப்பூர்

வட்டிக்கு வாங்காதீர்கள் அம்மா. அந்த 72,000 ரூபாயை ஒரே நாளில் கட்ட வேண்டிய பில்லாகப் பார்க்கிறீர்கள், அதனால்தான் பயம். அதில் நான்கு தனித்தனி வேலைகள் இருக்கின்றன, நான்குக்கும் ஒரே அவசரம் கிடையாது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி அதே டாக்டரிடம் போய், "இதில் இந்த மாதம் கட்டாயம் செய்ய வேண்டியது எது, ஆறு மாதம் தாங்குவது எது, செய்யாமலே விட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுவாரோ என்று நினைக்க வேண்டாம். பொறுப்பான பல் மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி, ஒவ்வொரு பல்லாகச் சொல்வார். சொல்லவில்லை என்றால் அந்த எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் போங்கள், அது உங்கள் எக்ஸ்ரே, நீங்கள் காசு கொடுத்து எடுத்தது.

முதலில், மூன்று பல்லுக்கும் ரூட் கேனால், அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது, தேவையா? குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று கூசி, சில நொடியில் நின்றுவிடுகிற பல் என்றால் சொத்தை இன்னும் நரம்பைத் தொடாமல் இருக்க வாய்ப்பு உண்டு, வெறும் அடைப்போடு பிழைத்துக்கொள்ளலாம். இரவில் படுத்ததும் விண்விண் என்று வலிப்பது, சூடு பட்டால் வலி நிமிடக்கணக்கில் நிற்பது, ஈறில் சீழ்க் கொப்புளம் வருவது, இதெல்லாம் இருந்தால் ரூட் கேனால் தேவைப்படும் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். வலிக்கிற பல்லை இந்த வாரமே ஆரம்பியுங்கள். மற்ற சொத்தைகளை ஜி.ஐ.சி. என்கிற சிமென்ட்டால் இப்போதைக்கு அடைத்து வைக்கச் சொல்லலாம். செலவு குறைவு, சொத்தை பெரிதாகாமல் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தும்.

அடுத்து கேப், அதாவது பல்லின் மேல் மாட்டுகிற உறை. ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல் உடையக்கூடியது, அதற்குக் கேப் வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் வெள்ளை நிற ஜிர்கோனியாவே வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. சிரித்தால் தெரியாத பின்பல்லுக்கு முழு மெட்டல் கேப் போதும், நன்றாக உழைக்கும், பல்லையும் குறைவாகவே சீவினால் போதும், விலை பெரும்பாலும் ஜிர்கோனியாவில் பாதிக்கும் கீழே. கொஞ்சம் வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்றால் உள்ளே மெட்டல், வெளியே செராமிக் என்று ஒன்று இருக்கிறது, அது நடு விலை. கவரிங் நகை போட்டால் உங்களுக்குத் தோல் அரிக்குமா? அரிக்கும் என்றால் அதை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மலிவான மெட்டல் கேப்களில் நிக்கல் கலப்பு இருக்கும். கேப்புக்குப் பணம் சேர ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்றால் அதையும் முன்னாலேயே சொல்லுங்கள், பல்லின் உயரத்தைச் சற்றுக் குறைத்து உறுதியான அடைப்பு வைத்து அனுப்புவார். வலி நின்றுவிட்டது என்று தற்காலிக அடைப்போடு வருடக்கணக்கில் விட்டுவிடுவதுதான் பெரிய நஷ்டம். பல் இரண்டாகப் பிளந்து, கொடுத்த 5,000 ரூபாயும் பல்லோடு போய்விடும்.

இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு வைத்து அதன் மேல் பல் கட்டுவது, கடைசி. எடுத்த பல் எத்தனையாவது கடைவாய்ப்பல் என்று கேளுங்கள். ஆகக் கடைசியில் இருந்ததாக இருந்து, முன்னால் உள்ள பற்களில் நன்றாக மெல்ல முடிகிறது என்றால், அந்த இடத்தை நிரப்பாமலே வாழ்கிறவர்கள் ஏராளம்.

இவ்வளவும் சொன்ன பிறகு முக்கியமான ஒன்று. உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனி என்றால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டைப் பாருங்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதாமாதம் கட்டிவிட்டு, பல் வலிக்கு மட்டும் கடன் வாங்கித் தனியார் கிளினிக் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறுவதில்லை. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் போய்ப் பல் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கே எல்லா வகைக் கேப்பும் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். எக்ஸ்ரே, பல் எடுப்பது, அடைப்பது, சுத்தம் செய்வது, மாத்திரை, இதெல்லாம் அங்கேயே முடிந்தால் உங்கள் 72,000 எங்கே வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரூட் கேனால், கேப் என்று பத்தாயிரம் செலவு செய்வதைவிட 500 ரூபாய்க்குப் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் முடிந்ததே? எனக்கு வயது 55.
– வாசகர், மதுரை

எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. ஞானப்பல் என்றால், பிடுங்குவதே பெரும்பாலும் சரி. ஆடிப்போன, எலும்பு பிடிமானம் இல்லாத பல் என்றாலும் அப்படித்தான், அதில் ரூட் கேனால் செய்து காசைப் போட வேண்டாம். ஆனால் முதல் கடைவாய்ப்பல், அதாவது ஆறு வயதில் முளைத்த அந்தப் பெரிய பல், நீங்கள் மெல்லுவதில் பெரும் பாரத்தைத் தாங்குவது. அதை எடுத்தால் நாள்பட நாள்பட பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாயும், எதிர்ப்பல் இறங்கும், இடுக்கில் சோறு மாட்டும், அங்கே அடுத்த சொத்தை ஆரம்பிக்கும். பிறகு பல் கட்டலாம் என்று போனால் பத்தாயிரத்துக்கு முடிந்திருக்க வேண்டியது இரண்டு மடங்காகியிருக்கும். அதனால் காப்பாற்ற முடிகிற பல்லாக இருந்து, காசுத் தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்றால், பிடுங்கும் முன் அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

55 வயது என்கிறீர்கள், சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா? கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு கேப்பின் விலையில் சிறு துளிதான்.

அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போ என்கிறார்கள். அங்கே மாணவர்கள்தானே செய்வார்கள்? நம்பிப் போகலாமா?
– வாசகி, விழுப்புரம்

போகலாம். நான் இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை, என் வீட்டு ஆட்களையும் அனுப்புவேன்.

தமிழ்நாட்டில் மூன்று அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது 1953-ல் தொடங்கியது, மின்சார ரயிலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா கல்லூரியாக இருந்தது இப்போது கடலூர் மாவட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி. புதுக்கோட்டையில் இருப்பது 2023-ல் திறந்தது. உங்களுக்குப் புதுச்சேரியும் பக்கம், அங்கே மகாத்மா காந்தி பெயரில் அரசு பல் மருத்துவ மேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது.

மாணவர் கை வைப்பார் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியரோ உதவிப் பேராசிரியரோ வந்து பார்த்து, சரி என்ற பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். தனியார் கிளினிக்கில் அரை மணியில் முடிகிற வேலை அங்கே இரண்டு மணி நேரம் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம். சிக்கலான ரூட் கேனால், பல் செட், கம்பி போடுவது எல்லாம் மேற்படிப்புப் பிரிவுக்குப் போகும். அங்கே இருப்பவர்கள் பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். முடித்துவிட்டு அந்த ஒரு துறையை மட்டும் மூன்று வருடம் படிக்கிறவர்கள்.

நீங்கள் கொடுக்கப்போவது பணத்துக்குப் பதில் நேரம். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், முதல் நாள் பரிசோதனையும் எக்ஸ்ரேயுமே ஆகிவிடும், பிறகு தேதி கொடுப்பார்கள், ஒரு ரூட் கேனாலுக்கே பல தடவை வர வேண்டியிருக்கலாம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒரு சின்ன அடைப்புக்கு உள்ளூர் கிளினிக்கே மேல் என்று வரலாம், மூன்று ரூட் கேனாலும் பல் செட்டும் என்றால் கல்லூரிதான் மேல். கேப், பல் செட் போன்றவற்றுக்கு ஏதாவது கட்டணம் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். முடிந்தால் இரண்டாவது தடவையும் அதே மாணவரிடமே காட்டுங்கள், அவருடைய பெயரையும் துறையையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அலைச்சல் பாதி குறையும்.

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் நிறைய இருக்கின்றன. மாணவர்கள் தேர்ச்சி பெறக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிகிச்சை செய்தாக வேண்டும், அதனால் அவர்களுக்கும் நோயாளிகள் தேவை, வெளியில் உள்ளதைவிடக் கட்டணம் நன்றாகவே குறைவாக இருக்கும். சாதாரணச் சொத்தை, கிளீனிங், பல் எடுப்பது என்றால் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை, பல தாலுகா மருத்துவமனைகள், வட்டார அளவிலான ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் டாக்டர் இருக்கிறார். எந்தெந்த நாள் இருப்பார் என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

மெடிக்ளெய்ம் வைத்திருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. இரண்டில் எதில் ரூட் கேனால் செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

இரண்டிலும் முடியாது, வருத்தம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் தாடை எலும்பு முறிவு மாதிரியான பெரிய அறுவை சிகிச்சைகள் வரும், சொத்தைப் பல் வராது. சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசிகளில் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் ஒழியப் பல் செலவு கிடையாது. ஓ.பி. செலவு தருகிற பாலிசி என்று சிலர் விற்பார்கள். கூடுதலாகக் கட்டும் பிரீமியத்தையும், பல்லுக்கு என்று அதில் போட்டிருக்கும் உச்ச வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பல சமயம் அந்தப் பிரீமியத்தைத் தனியாகச் சேர்த்து வைத்தாலே போதும் என்று தெரியும். மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் என்றால் கதை வேறு, அவர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.-ல் பல் சிகிச்சைக்குக் கட்டண அட்டவணையே இருக்கிறது.

வட்டியில்லாத் தவணை என்று கிளினிக்கிலேயே ஒரு படிவம் நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் "மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். குறைப்பார்கள் என்றால் அந்த வித்தியாசம்தான் வட்டி. கட்டம் கட்டமாகச் செய்து, கட்டம் கட்டமாக அந்த டாக்டரிடமே காசு கொடுப்பது எவ்வளவோ நல்லது, பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

எங்கள் ஊர் தர்மபுரி பக்கம். மகளுக்கு 24 வயது, முன்பற்கள் மஞ்சளும் பழுப்புமாக இருக்கின்றன. ஐந்து மாதத்தில் கல்யாணம். எட்டுப் பல்லுக்கு வெனீர் ஒட்ட 1,20,000 கேட்கிறார்கள். நகையை வைக்கலாமா?
– ஒரு தாய்

நகையை வைக்க வேண்டாம் அம்மா, முதலில் சின்ன வேலையிலிருந்து தொடங்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குழந்தையாக இருக்கும்போது, பல் உள்ளே உருவாகிற வயதில், அந்தத் தண்ணீரைக் குடித்ததால் வந்த கறையாகத்தான் இது பெரும்பாலும் இருக்கும். உங்கள் மகள் பல் விளக்காததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

வெனீர் என்பது பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஓடு. அதை ஒட்ட வேண்டுமானால் பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பைச் சீவ வேண்டும், சீவியது திரும்ப வராது. ஒட்டியதும் சாகும்வரை நிற்காது, பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம், 24 வயதுப் பெண்ணுக்கு அது எத்தனை தடவை என்று பாருங்கள். மைக்ரோ அப்ரேஷன் என்று ஒரு முறை இருக்கிறது, மேற்பரப்பை மிக மெல்லிசாகத் தேய்த்துக் கறையை எடுப்பது. அதோடு சேர்த்து ப்ளீச்சிங். பழுப்பு நிறக் கறை இதில் நன்றாகவே குறையும். அதற்கும் போகாத ஒன்றிரண்டு பல்லுக்கு மட்டும் பல் நிறப் பசையான காம்போசிட் பூசலாம். இதெல்லாம் வெனீர் செலவில் ஒரு பகுதிதான், ஐந்து மாதம் தாராளமாகப் போதும். பல்லில் குழி குழியாக அரித்துப்போயிருந்தால் மட்டும் அப்போது வெனீரைப் பேசலாம். அதற்கு முன்னால் மகளிடம் கேளுங்கள், அவளுக்கு வேண்டுமா என்று.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் போர்த் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லிருந்து வருவதே இந்தப் பிரச்சினைக்காகத்தான், குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே எடுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது, ஒரு பல்கூட இல்லை. கீழ்ப் பல் செட் நிற்கவே மாட்டேன் என்கிறது, கஞ்சியாகக் குடிக்கிறார். இம்ப்ளான்ட் வைத்து நிரந்தரமாகப் பல் கட்ட நாலரை லட்சம் சொல்கிறார்கள்.
– வாசகர், கும்பகோணம்

மேல் செட் அண்ணத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், கீழே நாக்கு ஆட்டிக்கொண்டே இருப்பதால் நிற்காது, அது அவர் குறையும் இல்லை, செட் செய்தவர் குறை என்றும் சொல்ல முடியாது. நாலரை லட்சத்துக்கும் கழற்றி மாட்டும் செட்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அதில் பட்டன் மாதிரிச் செட்டை மாட்டிக்கொள்வது. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியதே இதுதான் என்று சொன்னார்கள். இதை உங்களுக்கு யாரும் சொல்லாமல் நேராக நாலரை லட்சத்துக்குப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, எலும்பு போதுமா என்று பார்த்துவிட்டு இதற்கு விலை கேளுங்கள். அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை, நீங்கள் பழைய வரி முறையில் வரி கட்டுகிறீர்கள் என்றால், அவருடைய மருத்துவச் செலவில் வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. பில்லை வாங்கி ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

ஸ்கார்பரோவில் இருக்கிறேன். இங்கே பல் வேலை கட்டுப்படியாகாது. டிசம்பரில் நாலு கிழமை சென்னை வருகிறேன், இம்ப்ளான்டை அங்கேயே முடித்துவிடலாமா?
– வாசகர், கனடா

நாலு வாரத்தில் ரூட் கேனால், கேப் எல்லாம் முடியும். இம்ப்ளான்ட் எலும்போடு பிடிக்க வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும், ஒரே பயணத்தில் முடித்துத் தருகிறோம் என்கிற எல்லாரையும் நம்ப வேண்டாம். இரண்டு பயணம் என்றால் டிக்கெட் விலையையும் கணக்கில் சேருங்கள். திரும்பிப் போன பிறகு ஏதாவது தளர்ந்தால் அங்கே யார் பார்ப்பார் என்பதையும் யோசியுங்கள். எந்த நிறுவனத்து இம்ப்ளான்ட், என்ன அளவு என்று எழுதிய அட்டை கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

அதற்கு முன்னால், கனேடிய அரசின் பல் சிகிச்சைத் திட்டத்துக்கு விண்ணப்பித்தீர்களா? பல் காப்பீடு எதுவும் கிடைக்காமல், குடும்ப நிகர வருமானம் 90,000 டாலருக்குள் இருந்து, வரிப் படிவம் தாக்கல் செய்திருந்தால் தகுதி உண்டு. 70,000-க்குள் என்றால் திட்டத்தின் கட்டண அளவில் உங்கள் பங்கு எதுவும் இல்லை. இம்ப்ளான்ட் அதில் வராது, ஆனால் அடைப்பு, சுத்தம் செய்வது, ரூட் கேனால், பல் செட் வரும்.

எங்கள் தெருவில் ஒரு கிளினிக்கில் எல்லாமே பாதி விலை. போகலாமா?
– வாசகி, ஆம்பூர்

பாதி விலை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம், சொந்தக் கட்டடம், சின்ன இடம் என்றால் குறைவாக வாங்க முடியும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. டாக்டரின் பி.டி.எஸ். பட்டமும் பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் சுவரில் இருக்கிறதா? கருவிகள் ஆட்டோகிளேவ் செய்த, அதாவது நீராவியில் கிருமி நீக்கிய, கவரிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்படுகின்றனவா? கையுறை ஆளுக்கு ஆள் மாறுகிறதா? வாயில் கழுவப் பயன்படுத்தும் சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்படுகிறதா?

உங்கள் பக்கத்து ஊரான வாணியம்பாடியில் 2023-ல் நடந்ததை நினைத்துத்தான் கடைசிக் கேள்வியைச் சேர்த்தேன். ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூளையைத் தாக்கும் கிருமித்தொற்று வந்து எட்டுப் பேர் இறந்தார்கள். சுத்தம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, மீதியை அரைகுறையாக மூடி வைத்து மறுபடி பயன்படுத்தியதுதான் வழி என்று ஆய்வு செய்தவர்கள் 2025-ல் எழுதினார்கள். ஒரு பாட்டில் சலைன் விலை என்ன பெரிதாக இருந்துவிடும்! அதனால் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, எல்லாக் கடிதக்காரர்களுக்கும் சேர்த்து. வீக்கம் கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால், காய்ச்சல் அடித்தால், காசு இருக்கிறதா என்று யோசிக்காமல் அந்த நேரமே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடுராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.